வீட்டில் கணீர்க் குரல், பள்ளியில் மௌனம்: ஓர் இரண்டாம் வகுப்பு மாணவியின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாப்பாவின் அம்மா தன் போனை என்னிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் பாருங்க டீச்சர்" என்றார். ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ. வீட்டுத் திண்ணையில் அப்பாயியையும் இரண்டு தலையணைகளையும் வரிசையாக உட்கார வைத்து, கையில் ஈர்க்குச்சியோடு ஒரு குழந்தை பாடம் நடத்துகிறது.

"எல்லாரும் வாயில விரல் வைங்க. யாரு அங்க? எந்திரிச்சு நில்லு. பதில் சொன்னாத்தான் உட்காரலாம்."

ஒரு தலையணையை எடுத்துச் சுவரோரமாக நிறுத்துகிறாள். பிறகு தமிழ்ப் புத்தகத்தை விரித்து ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள். தெருமுனைவரை கேட்கும் குரல்.

அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒன்றாம் வகுப்பு முழுவதும், இரண்டாம் வகுப்பில் ஒன்றரை மாதமும் அவள் என் வகுப்பில்தான் இருந்தாள். ஒரு சொல் பேசியதில்லை. தலையணையிடம் அவள் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் என்னுடையவை. சுவரோரமாக நின்ற தலையணை எது என்பதும் எனக்குத் தெரிந்தது. முந்தைய வாரம் அதே வார்த்தைகளைச் சொல்லி அவளை நான் நிற்க வைத்திருந்தேன்.

பின்னணி

டெல்டா பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 41 குழந்தைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். 4, 5 வகுப்புகள் அவரிடம். 1 முதல் 3 வரை என்னிடம், ஒரே அறையில். குழந்தையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் கூப்பிடுவதுபோல் பாப்பா என்றே சொல்கிறேன்.

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா நூறு நாள் வேலைக்கும், நடவு காலத்தில் வயலுக்கும் போவார். பாப்பாவை வளர்த்தது பெரும்பாலும் அப்பாயிதான்.

பள்ளியில் அவள் எப்படி இருந்தாள் என்றால், இருந்த இடம் தெரியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழ மாட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் மரத்துப்போகும், தோள் இறுகும், கண் தரையைப் பார்க்கும். மதிய உணவுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கை கழுவப் போன பிறகு இரண்டு வாய் சாப்பிடுவாள். "டீச்சர், ஒண்ணுக்கு" என்று கேட்க முடியாமல் இரண்டு முறை பாயை நனைத்திருக்கிறாள். அந்த இரண்டு முறையும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "வாயத் தொறந்து கேட்டா என்ன?"

அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறோம். வாசித்துக் காட்டச் சொன்னபோது பாப்பா வாசிக்கவில்லை. ஆகவே பதிவில் அவள் அரும்பு. வீடியோவில் வாசித்த பத்தியோ மலர் நிலைக் குழந்தைகள் திணறுகிற பத்தி. ஓராண்டாக, தெரிந்த எழுத்துகளையே அவளுக்குத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டார் சும்மா இருக்கவில்லை. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினார்கள். பள்ளியில் பேசாத பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அன்று நடந்தது அத்தனையையும் ஒப்பிக்கும்போது யார்தான் என்ன நினைப்பார்கள்? "டீச்சர்கிட்ட மட்டும் பிடிவாதம்" என்பது வீட்டின் முடிவு. என்னுடைய முடிவும் ஏறக்குறைய அதுதான்.

இது என்ன

இந்த நிலைக்குச் செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். தமிழில் 'தேர்ந்தெடுத்த பேசாமை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எங்கே பேசுவது, எங்கே பேசாமல் இருப்பது என்று குழந்தைதான் முடிவு செய்கிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. மருத்துவமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 1877-இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் இதற்கு வைத்த பெயரின் பொருளே 'வேண்டுமென்றே பேசாதிருத்தல்'. 1934-இல் சுவிஸ் மருத்துவர் ட்ராமர் வைத்த பெயரிலும் விருப்பம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. 1994-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு அந்தப் பெயரை மாற்றியது. 2013 பதிப்பில் இதைப் பதற்ற நோய்களின் வரிசையில் சேர்த்தது. அதாவது இது பிடிவாதம் அல்ல, பயம். மேடையில் பேச நாக்கு ஒட்டிக்கொள்வதை நாம் அறிவோம். இந்தக் குழந்தைக்கு வகுப்பறை முழுவதும் மேடை. காலை முதல் மாலை வரை அதிலிருந்து இறங்க வழி இல்லை.

பெரும்பாலும் 5 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். பள்ளியில் சேர்ந்த பிறகுதான் வெளியே தெரியும். குறைந்தது ஒரு மாதம் நீடித்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அப்போது பல குழந்தைகள் பேசாது. நூறில் ஒரு குழந்தைக்கும் குறைவாகத்தான் காணப்படுகிறது. ஆனாலும் ஓர் ஆசிரியர் தன் பணிக்காலத்தில் சிலரையாவது கட்டாயம் பார்த்திருப்பார். "ரொம்ப அமைதியான பிள்ளை" என்று மதிப்பெண் அட்டையில் எழுதி அடுத்த வகுப்புக்கு அனுப்பியும் இருப்பார்.

அது எப்படி வேரூன்றுகிறது என்று பாருங்கள். நான் கேள்வி கேட்கிறேன். அவளுக்குப் பயம் எகிறுகிறது. பேசாமல் நிற்கிறாள். பக்கத்தில் இருப்பவள் "அவ பேச மாட்டா டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தானே பதிலையும் சொல்கிறாள். நான் அடுத்த குழந்தைக்குப் போகிறேன். அந்த நொடியில் பயம் இறங்குகிறது. பேசாமல் இருந்தால் பயம் போகும் என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, வருடத்துக்கு 200 நாளுக்கும் மேல். இவ்வளவு பயிற்சியை வேறு எந்தப் பாடத்துக்கும் நான் கொடுத்ததில்லை.

சந்தேகங்களைத் தீர்த்தது

பேசாத குழந்தை எல்லாம் செலக்டிவ் மியூட்டிசம் அல்ல. இதில் அவசரப்படக் கூடாது. முதலில் காது. பிறகு பேச்சு, மொழி வளர்ச்சி, ஆட்டிசம். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் மூலமாக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பினோம். கேட்புத் திறன் சரியாக இருந்தது. அங்கிருந்த உளவியலாளரிடமும் அவள் பேசவில்லை. அம்மா காட்டிய வீடியோக்களை வைத்துத்தான் அவர் மொழி வளர்ச்சியை மதிப்பிட்டார். இந்தப் பிரச்சினைக்கு வீட்டு வீடியோவைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்தது யாருக்கும் கேட்கக் கூசும் கேள்வி. குழந்தையை யாராவது எதாவது செய்துவிட்டார்களா? நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு நாளிலிருந்து திடீரென்று வீட்டிலும் வெளியிலும் வாயடைத்துப் போனால் அந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கத் தயங்கவும் கூடாது. பாப்பாவின் கதை அப்படி இல்லை. அங்கன்வாடியிலும் அவள் பேசியதில்லை. விருந்தாளிகள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள். அம்மாவைத் தனியாக வைத்து விசாரித்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் இப்படித்தான் டீச்சர். அஞ்சாப்பு வரைக்கும் யார்கிட்டயும் பேசல. அடிதான் வாங்கினேன்" என்றார். இந்தக் குழந்தைகளின் குடும்பங்களில் கூச்சமும் பதற்றமும் அதிகம் காணப்படுவது ஆய்வுகளில் பதிவான செய்தி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செங்கல் சூளைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். அது புதிய மொழியைக் காதில் வாங்கிக்கொள்ளும் காலம். அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வியை நிறுத்தியது

உளவியலாளர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மூன்று வாரத்துக்கு அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. "சாப்பிட்டியா", "வீட்டுப்பாடம் முடிச்சியா" கூட வேண்டாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் செய்வதை நான் சொல்லிக்கொண்டே போகலாம். "பாப்பா யானைக்கு நீலக் கலர் அடிக்கிறா. தும்பிக்கை மட்டும் பாக்கி." அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும், ஆசிரியர் வாயிலிருந்து வருவதில் பாதிக்கு மேல் கேள்வி. முதல் வாரம் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன். தவறி வந்த கேள்விகள் முதல் நாளில் 17. ஐந்தாம் நாளில் 4.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பயிற்சியில் அதைப் படித்திருக்கிறேன். ஒரு குழந்தையை நிற்க வைத்து "சொன்னாத்தான் உட்காரலாம்" என்பது அந்தப் பிரிவுக்குள் வரும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கழிப்பறைக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கதவருகே ஆணியில் ஒரு மர வளையத்தை மாட்டினோம். யாருக்குப் போக வேண்டுமோ அவர்கள் வளையத்தை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகலாம், கேட்க வேண்டியதில்லை. பாப்பாவுக்கு மட்டும் என்று வைக்காமல் 25 குழந்தைகளுக்கும் பொதுவாக வைத்ததுதான் முக்கியம். பாய் அதன் பிறகு நனையவில்லை. வருகைப் பதிவையும் மாற்றினேன். "உள்ளேன் டீச்சர்" வேண்டாம். வாரத்துக்கு ஒரு விதம்: ஒரு வாரம் கைதட்டல், ஒரு வாரம் பென்சிலைத் தூக்கிக் காட்டுவது. பாப்பா மூன்றாம் நாளே பென்சிலைத் தூக்கினாள்.

"அவ பேச மாட்டா" என்ற வாக்கியத்தை வகுப்பிலிருந்து எடுக்கத்தான் சிரமப்பட்டேன். குழந்தைகள் அதை உதவி என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஒரு குழந்தையின் காதில் அது தினமும் விழுந்தால் அதுவே அவள் பெயராகிவிடும். பாப்பா கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மற்றவர்களிடம் சொன்னேன்: "பாப்பாவுக்கு வீட்ல பேச்சு வருது. இங்க வர்றதுக்குக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் அவகூட விளையாடுங்க, பேசச் சொல்லாதீங்க." ஒரு பையன் கேட்டான்: "எனக்கு சைக்கிள் வர்ற வரைக்கும் எங்க அண்ணன் சிரிக்காம இருந்த மாதிரியா டீச்சர்?" ஆமாம், அதே மாதிரி.

ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. இது எதிர்பாராத துணை. காலை 8 மணிக்கு மேல் சாப்பிடும் அந்த நேரத்தில் பள்ளியில் பாடம் இல்லை, வரிசை இல்லை, குரல் உயர்த்த வேண்டியதில்லை. அப்பாயியைக் கூடவே வரச் சொன்னேன். மகளிர் குழுவிலிருந்து சமைக்க வந்த அக்கா அப்பாயிக்குத் தெரிந்தவர். வராந்தாவில் அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து பாப்பா ஒரு தட்டு பொங்கலை முழுவதும் சாப்பிட்டாள். பள்ளி வளாகத்துக்குள் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான்.

பல்லாங்குழி

செப்டம்பரில் அடுத்த கட்டம். ஆங்கிலத்தில் 'ஸ்லைடிங் இன்' என்பார்கள். குழந்தை யாரோடு தாராளமாகப் பேசுமோ அவரைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, குழந்தையின் குரல் அந்த இடத்தில் ஒலிக்கப் பழகிய பிறகு, புதிய ஆளைத் துளித்துளியாக உள்ளே கொண்டுவருவது. கேள்வி கேட்பதில்லை, குரல் நின்றால் ஒரு படி பின்வாங்குவது.

பாப்பா தாராளமாகப் பேசும் ஆள் அப்பாயி. விளையாட்டை அப்பாயியே தேர்ந்தெடுத்தார். மாலை பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, காலி வகுப்பறையில் பல்லாங்குழிப் பலகையும் ஒரு மடிப் புளியங்கொட்டையுமாக உட்கார்ந்தார். பக்கத்துக்கு 7 குழி. வாய்விட்டு எண்ணித்தான் ஆட வேண்டும் என்பது அப்பாயி போட்ட சட்டம். எண்ணுவது உரையாடல் அல்ல. யோசித்துச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை, அடுத்த சொல் தானாக வரும். பயந்த குழந்தைக்குப் பேச்சைவிட எண் எளிது. இதை அப்பாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் நான்கு நாள் நான் கட்டடத்துக்குள்ளேயே போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். முதல் நாள் அப்பாயியின் குரல் மட்டும் வந்தது. இரண்டாம் நாள் அதனடியில் ஒரு முணுமுணுப்பு. நான்காம் நாள் தெளிவாக "ஆறு, ஏழு". ஐந்தாம் நாள் வராந்தாவுக்கு வந்தேன், குரல் நின்றது. மறுநாள் மீண்டும் வேப்பமரம். இப்படி முன்னும் பின்னுமாக மூன்று வாரம். வராந்தா, வாசற்படி, பிறகு அறைக்குள் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டுத் திருத்துவது. ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், அதற்கு மேல் இல்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை. மூன்றடி தூரத்தில் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்பாயி கொட்டைகளைப் போட்டுக்கொண்டே போனார். பாப்பாவின் பக்கத்தில் ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டது. நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். அப்பாயி கவனிக்காததுபோல் அடுத்த குழிக்குக் கையைக் கொண்டுபோனார்.

"பசு! பசு! என் பசு அப்பாயி!"

இரண்டு கையாலும் குழியை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் நான் இருப்பது நினைவுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாப்பாவுக்கு ஒரு பசு" என்று மட்டும் சொன்னேன். அப்பாயி ஒன்றும் நடக்காததுபோல் கொட்டையை அள்ளினார். ஆட்டம் தொடர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

கைதட்டல்

நவம்பருக்குள் ஆட்டத்தில் நானும் சேர்ந்தேன். பிறகு அப்பாயியின் இடத்துக்கு அவளோடு எப்போதும் உட்காரும் தோழி வந்தாள். அப்பாயி வாசற்படிக்கு நகர்ந்தார், பிறகு வராந்தாவுக்கு. வீட்டில் வாசித்துப் பதிவு செய்த குரலைப் பாப்பாவின் சம்மதத்தோடு போனில் கேட்டேன். தலையாட்டினால் மட்டுமே போடுவேன். அந்தப் பதிவை வைத்து அவளை அரும்பிலிருந்து மலர் குழுவுக்கு மாற்றினேன்.

அப்புறம் தவறு நடந்தது. டிசம்பர் தொடக்கத்தில், வகுப்பு நேரத்தில், மலர் குழுவோடு உட்கார்ந்திருந்தபோது தோழியின் காதில் சொல்ல வேண்டிய பதிலைப் பாப்பா கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டாள். அறை முழுவதும் கேட்டது. ஒரு நொடி அமைதி. "பாப்பா பேசிட்டா!" என்று ஒருவன் கத்த, 24 குழந்தைகளும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதனால்தான் அடக்க முடியவில்லை. பாப்பாவின் முகம் பழையபடி மரத்தது. மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகு இரண்டு வாரம் மாலை ஆட்டத்தில்கூட எண்ணவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்க்கும் பார்வைக்குத்தான் அந்தக் குழந்தை பயப்படுகிறது. பாராட்டும் அந்தப் பார்வைதான். பேசியதற்குக் கிடைக்க வேண்டிய பரிசு, பேச்சுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பரிசு மட்டுமே: தண்ணீர் கேட்டால் தண்ணீர்.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு மீண்டும் மூன்று படி கீழிருந்து தொடங்கினோம். இடையில் எனக்கு நம்பிக்கை குறைந்தது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழில் பேசிய ஆலோசகரிடம் அதைச் சொல்ல முடிந்தது. பின்னடைவு இந்தப் பாதையில் உள்ளதுதான் என்று அவர் சொன்னது எனக்குத் தேவையாக இருந்தது.

மார்ச் இறுதியில் நிலவரம் இது. என்னிடமும் நான்கு தோழிகளிடமும் சாதாரணக் குரலில் பேசுகிறாள். ஆறு பேர் கொண்ட குழுவில் முறை வந்தால் வாசிக்கிறாள். சமைக்கும் அக்காவிடம் "போதும்" என்கிறாள். தலைமையாசிரியரிடம் பேசுவதில்லை. இறைவணக்கக் கூட்டத்தில் உதடு அசைகிறது, குரல் வரவில்லை. ஆண்டு விழா நடனத்தில் ஆடினாள். மைக் பக்கம் போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. தலைமையாசிரியர் தினமும் மாலை இரண்டு நிமிடம் பல்லாங்குழிக்கு அருகே வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்த கல்வியாண்டில் கலந்தாய்வில் எனக்கு வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் கிடைத்தது. பாப்பாவுக்குப் பத்து நாள் முன்பே சொன்னேன். புதிய டீச்சர் பொறுப்பேற்கும் முன்பு இரண்டு மாலைகள் வந்து என்னோடு உட்கார்ந்தார். அவருக்கு நான் எழுதிக் கொடுத்த தாளை அப்படியே தருகிறேன்.

"நன்றாக வாசிப்பாள், மலர் நிலை. வாய்மொழித் தேர்வுக்கு வீட்டுப் பதிவு போதும். முதல் மாதம் கேள்வி கேட்க வேண்டாம். மர வளையத்தை ஆணியிலிருந்து எடுத்துவிட வேண்டாம். சாப்பிடும்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். புளியங்கொட்டை பீரோவில் கீழ்த் தட்டில் இருக்கிறது. சாயங்காலம் அப்பாயி வருவார், வேப்பமரத்தடியிலிருந்து தொடங்குங்கள். நாலு சேர்ந்தால் பசு. அவளே சொல்லட்டும், நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். அவள் பேசினால் கைதட்ட வேண்டாம், பதில் மட்டும் சொல்லுங்கள்."